முழுகாமல் இருந்த நாட்கள்

பெப்ரவரி 6, வியாழன்

காதுக்குள் ஒரு சிறிய ஓட்டை. டொக்டர் படம் கீறிக் காட்டினார். ஒரு வட்டம், அதற்குள் ஒரு புள்ளி. மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளுக்கு, தலையில் தண்ணீர் படக்கூடாதாம். இடது பக்கத்து உலகம் பஞ்சுக்குள்ளிருந்து கதைக்கிறது. கொழும்புக் காலி வீதி பஸ்கள்கூட மரியாதையாகப் போகின்றன.

லீவு இல்லை. இந்தக் கிழமை வீட்டிலிருந்து மொழிபெயர்க்கிறேன். புதிய வேலை ஒரு வினாக்கொத்து. இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள் பிள்ளை பெறுவதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? நாற்பத்தொரு கேள்விகள், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு.

கேள்வி 14: அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு உண்டா?

ஆம். இல்லை. தெரியாது.

மொழிபெயர்க்க ஐந்து நிமிடம். பிறகு அரை மணித்தியாலம் அந்த மூன்று பெட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்தொரு வயது. இவர்கள் தேடும் ஆள் நான்தான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

கொட்டாஞ்சேனை. மாதா கோயில் பூசை முடிந்து அப்பாவுடன், எங்கள் டடாவுடன், மத்தியானச் சாப்பாடு. அம்மா இறந்து ஆறு வருடம். நானும் ஜனாவும் போனால் டடா இன்னும் நாலு பீங்கான் எடுத்து, பிறகு ஒன்றைத் திரும்ப வைக்கிறார். நாங்கள் காணாத மாதிரி இருப்போம்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜனா கேட்டான்:

"என்ன நினைக்கிறாய்?"

"ஆர் பாக்கிறது?"

"ம்."

நாலு வருடக் கலியாணத்தில் பிள்ளையைப் பற்றிய எங்கள் முழுக் கதையும் இவ்வளவுதான். வருடத்தில் மூன்று நாலு தரம், சொல் மாறாமல்.

உண்மையிலேயே ஆர் பாக்கிறது? அம்மா இல்லை. டடாவுக்கு எழுபது. ஜனாவின் அக்கா சாம்பவி கனடாவில், ஸ்காபரோவில். ஜனாவின் அம்மா கோண்டாவிலில் தனிய இருக்கிறார். மகன் கொட்டாஞ்சேனையில் ஒரு வேதக்காரப் பெட்டையைக் கட்டியதிலிருந்து என்னுடன் அவர் கதைப்பது ஒரே வசனம்: "ஜனா நிக்கிறானோ?" வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் நாலு வீடு. அயலவர்களை வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்துத்தான் தெரியும்.

பெப்ரவரி 13, வியாழன்

அலுவலகம். நாலரைக்குக் கூட்டம் வைத்தார்கள். பிள்ளை பராமரிப்பு நிலையம் ஐந்து மணிக்குப் பூட்டு. பக்கத்து மேசை மிதுனா கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்து குனிந்து வெளியேறினாள்.

"பிள்ளை பெத்தவள் மாதிரி இல்லை, பிள்ளையைக் களவெடுத்தவள் மாதிரித் திரியிறன்."

அவளுடைய மாமியார் ஆறு மாதம் பார்த்துவிட்டு, மகளின் பிரசவத்துக்கு லண்டன் போய்விட்டார். "அது லண்டன் பிள்ளை. என்ர லோக்கல் தானே," என்று சிரித்தாள்.

முன்னமே தெரிந்திருந்தால் பெற்றிருப்பாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "லூசே, இப்ப கேக்கிற கேள்வியே இது?" போய்விட்டாள். ஐந்து நிமிடத்தில் படியிலிருந்து போன் எடுத்தாள்: "மாமி நிக்கிறன் எண்டு சொன்னபடியாத்தான் நாங்கள் துணிஞ்சனாங்கள்." வைத்துவிட்டாள்.

பெப்ரவரி 21, வெள்ளி

கேள்வி 22-இல் 'சமூக ஆதரவு'. மூன்று நாளாக வேறு சொல் வரவில்லை.

பெப்ரவரி 27, வியாழன்

மூன்று கிழமை முடிந்தது. ஓட்டை இன்னும் மூடவில்லையாம். இன்னும் இரண்டு கிழமை. ஜனா ஈரத்துணியால் தலையைத் துடைத்துவிட்டான். பாவம், மூக்கைப் பொத்திக்கொண்டு.

பெப்ரவரி 28, வெள்ளி

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மாமி, ஜனாவின் அம்மா, அவனுக்குப் போன் எடுப்பார். ஜனா கீழே கடைக்குப் போயிருந்தான், போன் மேசையில் கிடந்தது. எடுத்தேன். வழமையாக "ஜனா இல்லை, மாமி" என்பேன், "சரி" என்பார். இன்றைக்கு, "என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார்.

என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. எனக்குப் பதற்றமாகிவிட்டது. அவருடைய தமிழில் பதில் சொல்லவேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் தலை குளிக்கிறது என்போம். ஜனா வீட்டில் முழுகிறது. அந்தச் சொல்லைத் தேடி எடுத்தேன்.

"மூண்டு கிழமையா முழுகாமல் இருக்கிறன், மாமி."

சத்தம் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஜனாவுக்குத் தெரியுமோ?"

"ஓம் மாமி. அவர்தானே டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனவர்."

"டொக்டர் என்னவாம்?"

"பயப்பட ஒண்டும் இல்லையாம். ரண்டு கிழமையில திரும்ப வரட்டாம். அதுமட்டும் கவனமா இருக்கட்டாம்."

"வயித்தைப் பிரட்டிச் சத்தி வருகுதோ?"

"இல்லை மாமி. இடைக்கிடை தலைச்சுத்துத்தான்."

"அது இருக்கும், பிள்ளை. அது இருக்கும்."

பிள்ளை. நாலு வருடத்தில் முதல் தரம். குரல் தழுதழுத்திருந்தது. ஒரு காதுக்கு இவ்வளவா? ஜனா வந்ததும் பெருமையாகச் சொன்னேன், உன் அம்மாவும் நானும் கதைச்சம் என்று.

மார்ச் 1, சனி

காலை ஆறரைக்கு சாம்பவி மச்சாள் வீடியோவில். கண் எல்லாம் சிவந்து.

"கள்ளி! எனக்கு ஒரு சொல் சொல்லேல்லையே? அம்மா அழுது அழுது எடுத்தவ, முழுகாமல் இருக்கிறியாமே!"

"ஓம் மச்சாள், காது..."

பல்லுத் தீட்டிக்கொண்டிருந்த ஜனா ஓடிவந்து போனைப் பறித்து நெஞ்சோடு அமத்தினான். வாய் நிறைய நுரை.

"நீ அம்மாவுக்கு என்ன சொன்னனீ? சரியா அந்தச் சொல்லைச் சொல்லு."

சொன்னேன். அவன் நிலத்தில் இருந்துவிட்டான்.

மாதாமாதம் முழுகவேண்டியவள் முழுகாமல் இருக்கிறாள். அவ்வளவுதான். அவர்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம், வயிற்றில் பிள்ளை. கொட்டாஞ்சேனையில் நாங்கள் 'மாசமா இருக்கா' என்போம், நேராக. நான் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் மொழியியல் படித்தவள். கிளைமொழிகள் பாடத்துக்கு ஏ.

சிரித்தோம். வயிறு நோகச் சிரித்தோம். (எந்த வயிறு.) பிறகு ஜனா, இப்பவே அம்மாவுக்குச் சொல்லுறன் என்று எடுத்தான். "ம்... ம்... ஓம் அம்மா..." வைத்துவிட்டான்.

"ஏன் சொல்லல்ல?"

"அம்மா நல்லூரில நிக்கிறா. அர்ச்சனை செய்யிறாவாம், உன்ர பேருக்கு. கோயில்ல வைச்சு எப்பிடியடி சொல்லுறது?"

"எனக்கு நட்சத்திரமே இல்லையே?"

"அதைக் கேக்கத்தான் என்னட்ட எடுக்க இருந்தவ."

நாளைக்குச் சொல்லுவோம்.

மார்ச் 2, ஞாயிறு

நாளைக்கு.

மார்ச் 4, செவ்வாய்

யாழ்ப்பாண பஸ்ஸில் ஒரு பெட்டி. வெளியே என் பெயர். ஜனாவின் பெயர் இல்லை, என் பெயர். சாமினி, மெல்லிய நடுங்கும் எழுத்தில். உள்ளே மாதுளம்பழம், நெல்லிக்கிரஷ், வேப்பம்பூ வடகம், பழைய சேலையில் சுற்றிய முருங்கைக்காய். ஒரு துண்டுக் காகிதம்: எள்ளு வேண்டாம். பப்பாசி வேண்டாம். அன்னாசி வேண்டாம். படி இறங்கும்போது கம்பியைப் பிடி.

மாதுளை தின்றேன். களவெடுத்துத் தின்பது போல இருந்தது. நல்ல இனிப்பு.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். வேலைக்குப் போகமுன் கோயிலுக்குப் போய், நெற்றியில் சாம்பலோடு வந்து நின்றபோது மாமியின் வீடியோ. எனக்கு. நேராக எனக்கு.

"என்ன நெத்தியில?"

"விபூதி, மாமி."

"உங்களுக்கும் இருக்கோ?" சற்று நேரம் பார்த்தார். "ஏன் கறுப்பாய்க் கிடக்கு?" பிறகு, வந்த விசயம். "பிள்ளை, ரண்டு வருசத்துக்கு நான் வந்து நிக்கிறன். வீட்டைப் பூட்டிப்போட்டு வாறன். நீ வேலையை விடாதை. படிச்ச பிள்ளை. நான் பாப்பன்."

அப்போது சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். "ஓம் மாமி" என்று வந்தது.

அலுவலகத்தில் கோப்பைத் திறந்து கேள்வி 14-ஐப் பார்த்தேன். கை தானாக மவுசை 'ஆம்' மீது கொண்டுபோனது.

எழுதிப் பார்க்கிறேன், விளங்குகிறதா என்று. போன மாதம் நான் வேண்டாம் என்றிருந்தேன். இப்போது வேண்டும் போல இருக்கிறது. இடையில் மாறியது என்ன? என் உடம்பு இல்லை. ஜனா இல்லை. ஒரு மனுசி ஒரு வசனம் சொன்னார். ஒரு வசனத்தில் வரும் ஆசை ஆசையா? அல்லது முன்பே இருந்ததா, ஆள் இல்லாத வீட்டில் லைற் போடாமல் இருப்பது போல?

எனக்கு வேண்டியது பிள்ளையா, அந்தப் பெட்டியின் மேல் என் பெயரா?

மார்ச் 9, ஞாயிறு

கொட்டாஞ்சேனை. டடா வாசலிலேயே நின்றார், சவரம் செய்து, வெள்ளைச் சேட்டோடு.

"என்ன மகள், எனக்கு சொல்லல்லையே? யாழ்ப்பாணத்தில இருந்து அந்த அம்மா கோல் எடுத்துத்தான் தெரியும். என்னா மரியாத! சம்பந்தி, சம்பந்தி எண்டு பேசினாங்க."

கலியாண வீட்டில்கூட இரண்டு பேரும் கதைக்கவில்லை. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு டடா மெழுகுதிரி கொளுத்திவிட்டாராம். "நான் சும்மாதானே இருக்கேன். அஞ்சு மணிக்கு பஸ் ஏறினா ஆறுக்கு வெள்ளவத்த. தூக்கிட்டு பீச்சுக்கு போயிட்டு வருவேன். அந்த நேரம் நீ சமைக்கலாம், ஜனாவும் நீயும் சண்ட பிடிக்கலாம்."

இன்று அவர் எடுத்து வைத்தது நாலு பீங்கான். திரும்ப வைக்கவில்லை. நாலாவதில் பழம் வெட்டி வைத்தார்.

சொல்லவில்லை. நான் ஒரு கேவலமான ஆள்.

மார்ச் 11, செவ்வாய்

வினாக்கொத்தைப் பரீட்சித்துப் பார்க்க கொம்பனித்தெரு போனோம். பதினாலாம் மாடியில் இராமலெட்சுமி, இருபத்தொன்பது வயது, ஒரு பிள்ளை. பழைய வரிசை வீட்டை உடைத்தபோது கொடுத்த ஃபிளாட்.

கேள்வி 22 வாசித்தேன்: "உங்களுக்குக் கிடைக்கும் சமூக ஆதரவு போதுமானதா?"

"ஆதரவா? எந்தக் கட்சிக்கு?"

விளக்கினேன். சிரித்தாள். பிறகு அவளே பேசினாள்.

"அந்தச் சந்துல அஞ்சு வீட்டுக் கதவும் தொறந்துதான் இருக்கும் மிஸ். என் புள்ள யார் மடியில தூங்குதுன்னு நான் தேடித்தான் எடுப்பேன். இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தண்ணி வருது, லிப்ட் இருக்கு. லிப்ட் புள்ள பாக்குமா? ரெண்டாவது வேணாம்னு சொல்லிட்டேன் அவர்கிட்ட."

அவளுக்கு ஆட்கள் ஒரு கட்டடம் தூரம். எனக்கு ஒரு சொல் தூரம்.

ஓட்டோவில் திரும்பும்போது கேள்வியை வெட்டி எழுதினேன்: 'உங்களுக்கு ஒன்று என்றால் வந்து நிற்க ஆட்கள் இருக்கிறார்களா?' அதிகாரி ஒத்துக்கொள்வாரோ தெரியாது. எனக்கு இதைவிட நல்ல தமிழ் தெரியாது.

மார்ச் 13, வியாழன்

ஞாயிறு காலை மாமி வந்து இறங்குகிறார். ரிக்கெற் போட்டாயிற்றாம்.

"நீ சொல்லு."

"உன்ர அம்மா. நீ சொல்லு."

"நீதானே முழுகாமல் இருந்தது?"

நான் சிரிக்கவில்லை. அவன் அடுத்து, "சரி, அப்ப உண்மையாக்கிவிடுவம். அம்மாவுக்குக் கணக்குத் தெரியப்போறேல்லை," என்றான்.

பகிடிதான். எனக்குக் கண் தெரியாத கோபம் வந்தது. கத்தினேன். என்னா நெனச்சுட்டு இருக்க, பொய்க்கு ஒரு புள்ளயா? கோபம் வந்ததற்குக் காரணம், அதே யோசனை எனக்கும் வந்திருந்தது.

அவன் பல்கனியில் நின்று காயாத உடுப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டான். பிறகு திரும்பாமலே சொன்னான்:

"எனக்குப் பயம், சாமினி. நீ ஆர் பாக்கிறது எண்டு கேக்கேக்க எல்லாம் நான் 'ம்' எண்டுறது அதாலதான். அம்மா நிக்கிறன் எண்டாப் பிறகு பயம் போயிட்டுது. பொய்யெண்டு தெரிஞ்சும் போயிட்டுது."

நாலு வருடம் அந்த 'ம்' என்னைக் குற்றம் சொல்வது என்று நினைத்திருந்தேன்.

பஸ் தரிப்பிடத்திலிருந்து வரும் வழியில் அவன் சொல்லிவிடுவான். முடிவு.

மார்ச் 15, சனி

ஓட்டை மூடிவிட்டது. இனி முழுகலாம்.

மார்ச் 16, ஞாயிறு

ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில் ஜனா பஸ்ஸுக்குப் போனான். ஐந்து கிழமை அழுக்கு. மாமி வரமுன் மனுசியாகிவிடலாம் என்று தலை குளித்தேன். துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே வர, வாசலில் மாமி. பின்னால் ஜனா, இரண்டு கையிலும் பைகள். அவன் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

மாமி என் தலையைப் பார்த்தார்.

"முழுகினனியோ?"

எனக்கு அந்தச் சொல் தெரியும். பதினைந்து நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தும் ஈரத்தலையோடு நிற்பவளிடம் கேட்டால் வாய் என்ன சொல்லும்?

"ஓம் மாமி. இப்பத்தான்."

அவருடைய கையிலிருந்த பை விழுந்தது. உள்ளே தேங்காய் துருவும் திருவலை. கொழும்பில் நல்லது கிடைக்காது என்று தூக்கிவந்தது. நிலத்தில் கணீரென்றது. அவர் நேராக வந்து என் ஈரத்தலையை நெஞ்சோடு பிடித்தார். சேலை நனைந்தது.

"போகட்டும் பிள்ளை. போகட்டும். தம்பி, நீ கொஞ்சம் வெளியில நில்."

கதிரையில் என்னை இருத்தி, தானே தலையைத் துவட்டத் தொடங்கினார். துவட்டிக்கொண்டே, மெதுவாக:

"எனக்கும் இப்பிடித்தான் ஒண்டு கலைஞ்சது. தொண்ணூற்றைஞ்சில, இடம்பெயர்ந்து போகேக்க. இவன் மூண்டு வயசு, இடுப்பில. சாவகச்சேரியில ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தனாங்கள். சுத்திவர ஆயிரம் சனம். எனக்கெண்டு ஒருதரும் இல்லை. மாமாவுக்கும் சொல்லேல்லை, அந்தாள் ஏற்கெனவே பயந்துபோய்க் கிடந்தது. அதுக்குப் பிறகு வேண்டாமெண்டு விட்டனான். ஆசை இல்லாமல் இல்லை. ஆர் இருக்கினம்?"

ஜனாவுக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. முப்பது வருடம். என் பொய்க்கு அதை எடுத்துத் தந்துவிட்டார்.

"மாமி, அப்பிடி இல்ல," என்றேன். என் தமிழ்தான் வந்தது. "ஒண்ணுமே இருக்கல்ல மாமி. மொதல்ல இருந்தே இருக்கல்ல. காது. காதுக்குத் தண்ணி படக்கூடாதுன்னு... நான் அந்தச் சொல்ல பிழையா சொல்லிட்டேன்."

கை நின்றது. துவாய் என் தலையிலேயே கிடந்தது.

"காதோ?"

"காது, மாமி."

"அவனுக்குத் தெரியுமோ?"

தலையாட்டினேன்.

"பதினாறு நாள்," என்றார். "பதினாறு நாளும் என்னைப் பேய்க்காட்டினனிங்களோ?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சத்தமில்லாமல். சத்தமாகச் சாத்தியிருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

காலை ரயிலில் போய்விட்டார். என்னுடன் கதைக்கவில்லை. கோட்டை ஸ்ரேசனில் ஜனாவுக்கு மட்டும் ஒரு வசனம்: "நான் பிள்ளையைப் பாக்கவெண்டு வந்தனான், தம்பி."

எந்தப் பிள்ளை? வராத பிள்ளையா? என்னையும் அவர் அப்படித்தானே கூப்பிட்டார்? ஜனாவுக்கும் தெரியாது. "நீதானே மொழிபெயர்க்கிறனீ," என்கிறான்.

திருவலையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறந்தா, பாரமென்றா?

மார்ச் 23, ஞாயிறு

டடாவிடம் சொன்னேன். தண்ணீர் கொதிக்க வைத்தார். பிறகு: "சரி. மெழுகுதிரியத் திருப்பி வாங்க ஏலாதே." தேத்தண்ணி ஊற்றினார். "பீச்சுக்கு நான் தனியா வந்தாலும் பஸ் ஏத்தும்தானே?"

ஏப்ரல் 4, வெள்ளி

போன் வரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

வரவில்லை. வினாக்கொத்தை அனுப்பினேன். என்னுடைய கேள்வி 22-ஐ ஒத்துக்கொண்டார்கள். சந்தோசப்படலாம். கேள்வி 14-இல் என் கை இப்போது எந்தப் பெட்டிக்கும் போகவில்லை. சரி, அப்போ மார்ச் மாதத்து 'ஆம்' பொய்தான். ஆனால் அது போனபின் ஏன் இப்படி இடம் காலியாகக் கிடக்கிறது, ஒன்று இருந்ததைப் போல?

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. ஜனாவே எடுத்தான். மாமி கதைத்தார், அவனுடன் மட்டும். கண்ணில் வெண்படலமாம், இரண்டிலும். வெட்டவேண்டுமாம். பிறகு பார்க்கலாம் என்று தள்ளுகிறாராம். ஜனா போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னான்: "அங்க ஆஸ்பத்திரியில செய்யலாம். செய்தாப் பிறகு தனிய வீட்டில... ஆர் பாக்கிறது?"

என் வசனம். என்னுடைய சொந்த வசனம், வேறொருவரின் கண்ணுக்கு.

போனை வாங்கினேன்.

"மாமி, இஞ்ச வாங்கோ. நான் லீவு எடுக்கிறன். பக்கத்தில நான் நிக்கிறன்."

"பொய்யில்லையே?"

"இல்லை மாமி."

"லீவு தருவினமோ?"

"தராட்டி எனக்கும் கண் தெரியேல்லை எண்டுவன்."

சிரித்தாரா, இருமினாரா? காது நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும் தெரியவில்லை.

மே 7, புதன்

கொழும்பு ஆஸ்பத்திரியில் மாமிக்கு ஒரு கண் முடிந்தது. காலையில் உள்ளே, மத்தியானத்துக்கு முன் வெளியே. சிங்களத்தில் சொன்ன எல்லாவற்றையும் நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். குனியக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திற. "மூன்று கிழமைக்குத் தலையில் தண்ணீர் படக்கூடாது," என்று நேர்ஸ் சொன்னதும் மாமிக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. வாங்கில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணை மூடிக் கட்டிய கிழவியும் நானும், விழுந்து விழுந்து. கண்ணுக்கு ஆகாது, சிரிக்காதேங்கோ மாமி. அவருக்கு நிறுத்தமுடியவில்லை.

பின்னேரம் சாம்பவி மச்சாளுக்கு: "ஓம், நானும் மூண்டு கிழமை முழுகாமல்தான் இருக்கப்போறன். ஊரெல்லாம் எடுத்துச் சொல்லு."

மே 18, ஞாயிறு

டடா பேலியகொடையில் வாங்கிய பாரை மீனோடு வந்தார். மாமி ஒற்றைக் கண்ணால் கதிரையிலிருந்தே சமையலை நடத்தினார். நான் அவருடைய திருவலையில் தேங்காய் துருவினேன், கோணலாக.

"சம்பந்தி, இது நேற்றையான் மீன்."

"ஒத்தக் கண்ணால எப்பிடித் தெரிஞ்சது?"

"மூக்குக்கு ஒப்பரேசன் செய்யேல்லை."

வெங்காயம் உரித்துக்கொண்டே, ஆண்கள் பல்கனியில் இருந்த நேரம், மாமி என்னிடம்: "நீ பெறு எண்டு நான் சொல்லமாட்டன். பெத்தால் வந்து நிப்பன். பெறாட்டில்... மற்றக் கண்ணைக் காட்ட வருவன்."

"அண்டைக்கு நீங்கள் பாக்க வந்தது எந்தப் பிள்ளையை, மாமி?" கேட்டுவிட்டேன்.

"எனக்கும் தெரியாது, பிள்ளை," என்றார். "அதுதான் கோவம் வந்தது."

மே 28, புதன்

மூன்று கிழமை. குளியலறையில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு, மாமியின் தலையில் நான்தான் தண்ணீர் வார்த்தேன். தலைமுடி நினைத்ததைவிட மெல்லியது. கழுத்தின் பின்னால் ஒரு பழைய தழும்பு. கேட்கவில்லை. கண்ணை இறுக்க மூடியிருந்தார், சின்னப்பிள்ளை மாதிரி. பார்ப்பது என்றால் இதுதானா? ஆர் ஆரை?

மே 31, சனி

மாமி நேற்று ஊருக்குப் போனார். மற்றக் கண் ஓகஸ்ட்டில். திருவலை இங்கேயே இருக்கட்டுமாம்.

என் கருத்தடைக் குளிசைப் பெட்டி முடிந்தது. ஜனா மருந்துக் கடைக்குப் போகிறேன், அதுவும் வாங்கவா என்று கேட்டான். ஒருவரையொருவர் பார்த்தோம்.

"என்ன நினைக்கிறாய்?"

"தெரியேல்லை."

"ஆர் பாக்கிறது எண்டு நீ கேக்கேல்லை."

"நீயும் 'ம்' எண்டு சொல்லேல்லை."

வெறும் தேத்தண்ணிப் பைகளோடு வந்தான். இதை முடிவு என்று எழுதமாட்டேன். முடிவு எடுக்கவில்லை. வாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 24, செவ்வாய்

வினாக்கொத்து அச்சாகி வந்தது. மிதுனா கேள்வி 22-ஐ வாசித்துவிட்டு, "இதை முதலே ஆராவது என்னட்டக் கேட்டிருக்கலாம்," என்றாள். கேள்வி 14-இல் பென்சிலால் 'தெரியாது' போட்டேன். பிறகு அழித்தேன். அழித்த இடம் தெரிகிறது.

ஜூலை 11, வெள்ளி

பின்னேரம் போன். வெள்ளிக்கிழமை போன் இப்போது எனக்குத்தான் வருகிறது. ஜனாவை இடைக்கிடை விசாரிப்பார். தோடம்பழம் என்ன விலை என்று கதைத்தோம், டடாவின் முழங்காலைப் பற்றிக் கதைத்தோம். பிறகு, வெள்ளிக்கிழமையில் எல்லாரையும் கேட்கிற மாதிரி:

"முழுகினனியோ?"

வேறு ஏதும் சொல்லியிருக்கலாம். பகல் முழுக்க ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தேன். சந்தோசமா, பயமா, எதுவென்று பெயர் வைக்கத் தெரியாமல்.

"இல்லை மாமி."

"ஏன்? திருப்பியும் காதோ?"

"காதில்லை."

சத்தம் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று இந்த முறை நான் நினைக்கவில்லை.

"ஜனாவுக்குத் தெரியுமோ?"

"இன்னும் இல்லை, மாமி."